டம்ரியலின் தெய்வங்களும் காமமும்: எப்படி ரசிப்பது?

கற்பனை உலகைக் களமாகக் கொண்ட வீடியோ கேம்கள் பலவற்றில் சமயம் என்பது மாய சக்தி வழங்கும் கோயிலாகவும், பாலியல் என்பது கதாநாயகனுக்குக் கிடைக்கும் பரிசாகவும் சுருங்கிவிடுகின்றன. பெதஸ்தா நிறுவனம் 1994 முதல் வெளியிட்டுவரும் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையோ, டம்ரியல் என்னும் தன் கண்டத்திற்கு மோதிக்கொள்ளும் பல சமயங்களைப் படைத்து, அவை ஒவ்வொன்றும் காமத்தைப் பற்றித் தனக்கென ஒரு கொள்கை கொண்டிருக்குமாறு அமைத்திருக்கிறது. இதை நன்கு ரசிக்க விரும்புபவர், அங்குள்ள சமயம் மூன்று வழிகளில் பேசுகிறது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குள் எடுத்துப் படிக்கத்தக்க நூல்கள், கோயில்களும் வீடுகளும் அமைந்திருக்கும் விதம், விளையாட்டின் விதிகள் ஆகியனவே அவை. இவை ஒன்றோடொன்று முரண்படும் இடங்களில்தான் இப்படைப்பின் உண்மையான ஆழம் தென்படுகிறது.

டம்ரியலின் தெய்வங்கள் பெரும்பான்மையும் இரு கூட்டத்தைச் சேர்ந்தவை. பேரரசு வணங்கும் எட்டு அல்லது ஒன்பது தெய்வங்கள் ஒரு கூட்டம். அவற்றுள் மாரா அன்புக்கும் திருமணத்திற்கும் உரியவள், டிபெல்லா அழகுக்கும் கலைக்கும் உடலின்பத்திற்கும் உரியவள். உலகைப் படைப்பதில் பங்கேற்காத டேட்ரா இளவரசர்கள் மற்றொரு கூட்டம். அவர்களுள் சாங்குவைன் களியாட்டத்தையும், மெஃபாலா காமம், கொலை, இரகசியம் மூன்றையும், மோலாக் பால் அடக்குமுறையையும் வன்புணர்வையும் ஆள்கின்றனர். காமம் ஒரே தெய்வத்தின் பொறுப்பில் விடப்படாமல், அன்பின் பக்கமும் வன்முறையின் பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனித்துக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

இந்த வரிசையின் சிகரம் 2002இல் வெளிவந்த 'மாரோவிண்ட்'. அதன் களமான மாரோவிண்ட் நாட்டின் டன்மர் இனத்தவர், மனிதராகப் பிறந்து தெய்வமான மூவரை வணங்குகின்றனர். அம்மூவருள் ஒருவரான விவெக் போர்வீரர், கவிஞர், ஆணும் பெண்ணுமாக இருப்பவர். அவருடைய உடலின் ஒரு பாதி பொன்னிறம், மறுபாதி சாம்பல் நிறம். தமிழ் வாசகருக்கு அர்த்தநாரீசுவர வடிவம் உடனே நினைவுக்கு வரும் என்றாலும், அந்த நினைவை அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறான வாசிப்பாகிவிடும். விவெக்கின் உடலை இரண்டாக்கும் கோடு ஆண், பெண் என்னும் பகுப்பைக் காட்டுவதே இல்லை. நெரவார் என்னும் தலைவன் இறந்தபின், அஸூரா என்னும் டேட்ரா இட்ட சாபத்தால் பொன்னிறத்தவராயிருந்த மக்கள் சாம்பல் நிறத்தவரானார்கள் என்பது புராணம். விவெக்கின் உடலில் அந்த இரு காலங்களும் அருகருகே நிற்கின்றன. அவருடைய இருபால் தன்மை உடலில் தெரிவதைவிட அவர் எழுதியதாகச் சொல்லப்படும் நூலில்தான் தெரிகிறது.

அந்நூல் 'விவெக்கின் 36 போதனைகள்'. மைக்கேல் கிர்க்பிரைட் எழுதிய இச்சிறு நூல்கள் விளையாட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. பல போதனைகள் திறந்தவுடன் ஏதேனும் ஒரு திறனை உயர்த்திவிடுவதால், விளையாடுவோர் பலர் படிக்காமலே மூடிவிடுகின்றனர். அவசரமின்றிப் படிப்பவர், 14ஆம் போதனையில் விவெக் தலையற்ற நிலையில் 88 நாள் மோலாக் பாலுடன் கூடியிருந்ததாகவும், தொடரும் போதனைகளில் அந்தக் கூடலால் பிறந்த பூதங்களை அவரே முவாத்ரா என்னும் ஈட்டியால் வேட்டையாடியதாகவும் காண்பார். டன்மர் கோயிலின் போதனைப்படி மோலாக் பால் வணங்கத்தகாத பகைவன். அந்தக் கோயிலின் தெய்வமே அவனோடு கலந்ததாக அதன் மறைநூல் பாடுகிறது. அது உடன்பாடா, பேரமா, வன்முறையா என்பதை நூல் தெளிவாக்காது. ஈட்டியும் போர்க்கருவியாக மட்டும் நில்லாமல் ஆண்குறியாகவும் பொருள்படுமாறு எழுதப்பட்டிருக்கிறது.

அதிர்ச்சியூட்டுவதற்காக எழுதப்பட்டது என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 29ஆம் போதனையில் வரும் எண்களைக் கொண்டு 36ஆம் போதனையின் சொற்களை எண்ணியெடுத்தால் ஒரு வாக்குமூலம் கிடைக்கிறது: விவெக் தெய்வமாகப் பிறக்கவில்லை, தெய்வத்தன்மையைத் திருடினார், நெரவாரைக் கொன்றார், அதைத் தம் விருப்பத்தாலேயே செய்தார். குற்றத்தை மறைக்கவும் ஒப்புக்கொள்ளவும் ஒரே நூல் பயன்படுகிறது என்பது தெரிந்தபின், அதன் காமக் காட்சிகளும் வேறு பொருள் கொள்கின்றன. தன் உடலுக்கு நேர்ந்தவற்றையும் தன் கையால் நேர்ந்தவற்றையும் ஒருசேரப் புராணமாக மாற்றிக்கொள்ளும் ஒருவரின் எழுத்தாக அவற்றைப் படிக்கலாம். காமத்தையும் கொலையையும் இரகசியத்தையும் ஆளும் மெஃபாலாவே விவெக்கின் முன்னோடி என்று கோயில் போதிப்பது எத்துணைப் பொருத்தமானது என்பதும் அப்போது புலப்படும். வீடியோ கேம்களுக்காக எழுதப்பட்ட சமய இலக்கியத்தில் இதற்கு இணை சொல்வது கடினம்.

2011இல் வந்த 'ஸ்கைரிம்' இவ்வளவு துணிச்சலானது அன்று. எனினும் இடங்களின் அமைப்பில் அது நுட்பம் காட்டுகிறது. மார்கார்த் நகரில் உள்ள டிபெல்லா கோயிலின் உட்கூடம் வெளியாருக்கு மூடப்பட்டிருக்கிறது. உடலின்பத்தின் தெய்வம் என்றதும் கேளிக்கையை எதிர்பார்த்து நுழைபவர், ஹமால் என்னும் தலைமைப் பூசாரியின்கீழ் ஒடுக்கமாக வாழும் பெண்துறவியரைக் காண்கிறார், அவர்கள் தங்கள் அருள்வாக்குப் பெண்ணாகத் தேடுவதும் ஒரு சிறுமியை. அதே தெய்வத்தின் பெயரால் ரிஃப்டன் நகரில் விடுதி நடத்தும் ஹெல்கா பல காதலர்களைக் கொண்டிருக்கிறாள், அவளுடைய மருமகளோ அதைப் பெருத்த அவமானமாகக் கருதுகிறாள். அதே ஊரில்தான் மாராவின் கோயிலும் இருக்கிறது. ஒரே தெய்வத்தைத் துறவியும் காதலியும் தத்தம் வழியில் வணங்குவதையும், அருகிலேயே இல்லறத்தின் தெய்வம் வீற்றிருப்பதையும் நடந்து பார்த்து உணர்வது, எந்த உரையாடலைவிடவும் அதிகம் சொல்கிறது.

விதிகளிடம் வரும்போது ரசனையோடு கண்டிப்பும் வேண்டும். மாராவின் பதக்கத்தை அணிந்தால், மணத்திற்கு இசைவோர் ஆணாயினும் பெண்ணாயினும் விளையாடுபவரின் பாலைப் பொருட்படுத்தாமல் மணந்துகொள்கின்றனர்; இது பாராட்டத்தக்கது. ஆனால் டிபெல்லாவின் அருளோ, எதிர்ப்பாலினத்தவரோடு பொரும்போது 10 விழுக்காடு கூடுதல் தாக்குதலைத் தருகிறது. கவர்ச்சி எதிர்ப்பாலினத்தை நோக்கியே செல்லும் என்று கருதும் இவ்விதி, மாராவின் கோயில் ஏற்றுக்கொண்டதை மறுக்கிறது. இல்லற இன்பமும், துணையின் வீட்டில் உறங்கி எழுந்தால் திறன்களை 15 விழுக்காடு விரைவாகக் கற்கலாம் என்னும் கணக்காகவே எஞ்சுகிறது.

இதற்கு விலக்காக நிற்பவள் 2012இல் சேர்க்கப்பட்ட 'டான்கார்ட்' பகுதியின் செரானா. மோலாக் பாலுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் சடங்கின் வழியே இரத்தக்காட்டேரியானவள் அவள். அச்சடங்கு இழிவுபடுத்துவது என்பதைச் சில சொற்களில் மட்டும் சொல்லி, மேற்கொண்டு விவரிக்க மறுக்கிறாள். மாராவின் பதக்கத்தை எத்தனை முறை அணிந்து நின்றாலும் அவள் மணத்திற்கு இசைவதில்லை. அவளை மணக்கவைப்பதற்கென்றே ரசிகர்கள் மாற்றுநிரல்களை எழுதியிருக்கின்றனர். அவற்றை நிறுவுவதற்குமுன், வன்முறையின் தெய்வத்திடமிருந்து மீண்ட ஒரு பெண்ணின் மறுப்பை, எழுதப்பட்டபடியே ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்குமாறு வாசகரை வேண்டிக்கொள்ளலாம்.