ஸ்பேனருக்கு முன் கேஜ்

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்பதற்குள் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் விற்றுவிட்டது. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் கடந்த மாருதிகள் இன்றும் சிறுநகரத் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் பட்டறைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து வேலை பார்க்கிறார்கள். பணக் கணக்குதான் முதல் காரணம். இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்ற ஆகும் செலவு, பல சமயம் வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையை நெருங்கிவிடுகிறது.

அந்த வண்டியும் இதற்கு இடம் கொடுக்கிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், மேலே ஒற்றை கேம்ஷாஃப்ட். பானெட்டைத் தூக்கினால் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் எல்லாம் கைக்கு எட்டும். உதிரிபாகம் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கிடைக்கும். பழைய பாகம் போதுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. ஆயில், ஃபில்டர், பிளக், பெல்ட், கூலன்ட் ஆகியவற்றை மாற்றுவதற்கு ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும் போதும்.

இந்தச் சின்ன வேலைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அமெரிக்காவின் லாங் ஐலண்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன், 1966இல் வாங்கிய வால்வோ பி1800 காரை 2013இல் முப்பது லட்சம் மைல், அதாவது சுமார் 48 லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டிக் காட்டினார். அந்த இன்ஜின் முதன்முறையாகப் பிரிக்கப்பட்டது பத்து லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான். அவர் எந்த ரகசிய வித்தையும் செய்யவில்லை. கையேடு சொன்ன இடைவெளியில் ஆயில் மாற்றினார், சத்தம் மாறினால் உடனே கவனித்தார். வீட்டில் வேலை பார்ப்பவரின் பெரிய பலமும் இதுவே. தினமும் அந்த வண்டியில் உட்காருபவர் அவர். ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் வேறு யாருக்கும் தெரியாது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. வயதான இன்ஜின் ஒரு நாள் புகை விடத் தொடங்கும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இன்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரிந்ததும் நேரே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய குறை இந்த அவசரம்தான்.

நீலப் புகையையே எடுத்துக்கொள்ளலாம். ஆயில் எரிய முக்கியமான வழிகள் இரண்டு. தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகக் கீழிருந்து ஏறலாம். காய்ந்து இறுகிப்போன வால்வு சீல் வழியாக மேலிருந்து இறங்கலாம். முன்னது இன்ஜினையே பிரிக்கும் வேலை. பின்னதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. பல இன்ஜின்களில் ஹெட்டைக்கூடக் கழற்றத் தேவையில்லை. பிளக் ஓட்டை வழியாக நூல்கயிற்றை உள்ளே செலுத்தி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வால்வு உள்ளே விழாமல் தாங்கவைத்துக்கொண்டு சீலை மாற்றும் முறை மெக்கானிக்குகளிடையே நெடுநாளாக இருக்கிறது. செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எது காரணம் என்று எப்படித் தெரியும்? பிளக்குகளைக் கழற்றிவிட்டு கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறைவாக வந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் குறை வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கலாம். மூன்று சிலிண்டரும் நல்ல அழுத்தம் காட்டியும் நீலப் புகை வந்தால், முதல் சந்தேகம் வால்வு சீல் மேல் விழ வேண்டும். அரை மணி நேரச் சோதனை இது. இதைச் செய்யாமலேயே இன்ஜினை இறக்கச் சொல்லும் பட்டறைகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வீட்டுக்காரர் இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால், தேவையில்லாத பெரிய செலவிலிருந்து தப்பிக்கலாம். பிளக்கைத் தவிர வேறெதையும் கழற்றாவிட்டாலும், இதுவே இந்தப் பழக்கத்தின் ஆகச் சிறந்த பயன்.

நடைமுறையில் நடப்பது வேறு. பிளக்கை மாற்றிப் பார்ப்போம், காயிலை மாற்றிப் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போடுகிறார்கள். மிச்சப்படுத்தவேண்டிய பணம் உதிரிபாகக் கடையில் கரைகிறது. இன்னொரு கூட்டம் குறையை மூடிமறைக்கிறது. புகை தெரியாமலிருக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுகிறார்கள். ரேடியேட்டர் ஒழுகினால் அடைப்புப் பொடி போடுகிறார்கள். அந்தப் பொடி ஒழுகும் ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, அடுத்த கோடையில் இன்ஜினை ஓவர்ஹீட் ஆக்குகிறது. ஓவர்ஹீட் ஆன இன்ஜினில் அலுமினிய ஹெட் வளையும்.

வளைந்த ஹெட்டில் துணிச்சல் செல்லாது. சுசுகியின் பல சிறிய இன்ஜின்களுக்கு ஹெட்டின் அடிப்பரப்பில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லிய அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வேண்டும். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்ய வேண்டும். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கட்டம் கட்டமாக, டார்க் ரெஞ்ச் வைத்துக் குறிப்பிட்ட அளவுக்கு முறுக்க வேண்டும். கைப்பிடிக் கணக்கில் முறுக்கினால் ஒன்று மரை போகும், அல்லது புது கேஸ்கெட் சில மாதங்களில் மறுபடி ஊதும். பழைய கேஸ்கெட்டைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்வது இதனால்தான்.

வீடியோக்கள் நிறைய உதவுகின்றன. ஆனால் மாருதி 800 என்ற ஒரே பெயருக்குள் கார்புரேட்டர் இன்ஜின் உண்டு, 2000ஆம் ஆண்டுவாக்கில் வந்த, பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் உண்டு, சிலிண்டருக்கு நான்கு வால்வு கொண்ட வகையும் உண்டு. ஒன்றுக்கான அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் 1960களில் தொடங்கிய பழுதுபார்ப்புக் கையேடுகள் இதை நன்றாக உணர்ந்திருந்தன. ஒரு காரை உண்மையிலேயே பிரித்துப் பூட்டிப் பார்த்து எழுதியதோடு, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று முதல் ஐந்து ஸ்பேனர் படம் போட்டு, இது புதியவருக்கு, இது கைதேர்ந்தவருக்கு என்று எல்லை வகுத்தன. வீடியோக்களில் அந்த நேர்மையான எல்லைக்கோடு அரிது.

உயிருக்கு ஆபத்தான தவறுகளும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது, சூடு ஆறாத ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, பெட்ரோல் சிந்திய இடத்தில் பேட்டரி வயரைத் தொடுவது. இவற்றை அனுபவசாலிகளும் செய்கிறார்கள். வடித்த ஆயில் இன்னொரு கவலை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வரும் பொருள் அது. சாக்கடையில் ஊற்றினால் ஊர்க் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். பக்கத்துப் பட்டறையின் டிரம்மில் கேட்டுக்கொண்டு ஊற்றிவிட்டு வருவது பெரிய சிரமமில்லை.

ஆகவே, பராமரிப்பையும் சோதனையையும் வீட்டில் செய்வதை முழுமனதோடு வரவேற்கலாம். டேப்பெட் செட்டிங், வால்வு சீல் போன்றவற்றைக் கருவியும் சரியான அளவும் கையில் உள்ளவர்கள் செய்யலாம். ஹெட்டும் ரீபோரும் லேத் உள்ளவர்களின் வேலை. ஆனால் சரியான அளவை எங்கே பார்ப்பது? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. உற்பத்தி நின்றுபோன கார்களின் முழுச் சர்வீஸ் கையேடுகளை, டார்க் அளவுகளோடும் தேய்மான வரம்புகளோடும், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இலவசமாக அங்கே வெளியிட நிறுவனங்கள் முன்வர வேண்டும். லட்சக்கணக்கில் விற்ற வண்டிக்கு அந்தக் கடமை இன்னும் பாக்கியிருக்கிறது.