உலாவியின் மொழியும் உழவரின் மொழியும்

ஜாவாவில் எழுதிய வலைத்தளம் யாரிடம் எந்த மொழியில் பேசுவது என்பதைப் பெரும்பாலும் உலாவி அனுப்பும் 'ஆக்செப்ட்-லாங்குவேஜ்' குறிப்பைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஜாவாவின் வலைக் கோரிக்கைகளைக் கையாளும் செர்வ்லெட்டின் 'கெட்லோகேல்' படிப்பது அதைத்தான். வேறு ஏற்பாடு செய்யாதவரை ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகம் நம்புவதும் அதையே. இதில் நியாயம் உண்டு. கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பவருக்கு, கணக்குத் தொடங்காமலே முதல் பக்கம் தமிழில் வரும். ஆனால் ஒரு கருவிக்கு ஓர் ஆள் என்ற எண்ணத்தின்மேல் நிற்கும் முறை இது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும் விவசாயிகள் பலரும் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகலோடு இ-சேவை மையத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோதான் போகிறார்கள். விசைப்பலகை இன்னொருவர் கையில். உலாவி சொல்வது அந்தக் கணினியின் மொழியை. புல எண்ணோ பரப்போ தவறாகப் பதிவானால் அங்கேயே பிடிக்கக்கூடியவர் விவசாயி ஒருவரே. ஒப்புகைச் சீட்டு ஆங்கிலத்தில் வந்தால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

பக்கத்தின் மூலையில் தமிழ்–ஆங்கிலப் பொத்தான் வைத்தால் போதாதா என்பார்கள். அந்தத் தேர்வு செஷனில் இருந்தால் வெளியேறியதும் அழியும். குக்கியில் இருந்தால் அடுத்து வருபவருக்குப் போய்ச் சேரும். மேலும், மழையில் பயிர் மூழ்கிய பிறகு போகும் குறுஞ்செய்தியை ஆள் இல்லாமல் ஓடும் நிரல் அனுப்புகிறது. அங்கே உலாவியே கிடையாது, சர்வரின் மொழிதான் மிஞ்சும். ஆகவே விருப்ப மொழி விவசாயியின் பதிவில், பெயருக்கும் கைப்பேசி எண்ணுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். மைய ஊழியருக்கு ஆங்கிலத் திரை வசதியென்றால் அவருக்கு அது இருக்கட்டும். சீட்டும் செய்தியும் விவசாயியின் மொழியில் போகட்டும். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 எழுத்துக்குறிகளே அடங்கும், ஆங்கிலத்தில் 160, செலவு கூடும் என்பது உண்மையான ஆட்சேபம். புல எண், பரப்பு, கடைசித் தேதி மட்டும் எழுதினால் பெரும்பாலும் ஒன்றிலேயே முடியும்.

இன்னொரு குறை மொழிபெயர்ப்புக் கோப்புகளில். ஒரு மொழியில் இல்லாத வரிக்குக் கைகொடுக்கும் மூலக்கோப்பு ஆங்கிலமாக இருப்பதால் தமிழில் விடுபட்ட வரி ஓசையின்றி ஆங்கிலத்தில் தோன்றுகிறது. பெரும்பாலும் அது பிழைச் செய்தியாகவே இருக்கும். தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ள மாநிலத்தில் மூலக்கோப்பு தமிழாகட்டும். அப்போது விடுபடும் வரி ஆங்கிலப் பக்கத்தில்தான் தமிழாகத் தெரியும். உருவாக்குவோர் கண்ணில் அன்றே படும். ஸ்பிரிங்கில் சர்வர் மொழிக்குத் தாவும் ஏற்பாட்டை மட்டும் அணைத்துவிட வேண்டும், இல்லையேல் தமிழ் கேட்டவருக்கும் ஆங்கிலக் கோப்பே கிடைக்கும்.