மேட்டுக்குக் கணக்கு உண்டு, சேற்றுக்கு?

2012 ஆகஸ்டில், லண்டன் ஒலிம்பிக் முடிய ஒருநாள் இருந்தபோது, பிரிட்டனின் 1500 மீட்டர் வீரர் ஆண்டி பேட்லி சனிக்கிழமைக் காலை புஷி பார்க்குக்குப் போனார். அங்கே வாரந்தோறும் நடக்கும் இலவச பார்க்ரன் ஓட்டத்தில் 5 கிலோமீட்டரை 13 நிமிடம் 48 நொடியில் முடித்தார். அந்த நேரம் பல ஆண்டுகள் பார்க்ரன் சாதனையாக நின்றது. புஷி பார்க் மேசை போலத் தட்டையான நிலம். பார்க்ரன் பிறந்ததும் அங்கேதான். 2004 அக்டோபர் 2 அன்று பால் சின்டன்-ஹியூவிட் ஏற்பாடு செய்த முதல் ஓட்டத்துக்கு வந்தவர்கள் 13 பேர்.

அதே 5 கிலோமீட்டர், அதே சனிக்கிழமை ஒன்பது மணி. இடத்தை மட்டும் மாற்றி, கார்ன்வாலின் லான்ஹைட்ராக்கில் ஓடச் சொன்னால்? மேட்டின் மீது பெரிய மாளிகை, கீழே ஃபோவி ஆறு, நடுவே காடும் புல்வெளியும். பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் 1953-ல் வந்த எஸ்டேட் அது. கேம்பிரிட்ஜ்ஷயரின் விம்போல் இன்னொன்று. ருட்யார்டு கிப்ளிங்கின் மகள் எல்சி 1976-ல் இறந்தபோது அதே டிரஸ்டுக்கு எழுதிவைத்துப் போன சொத்து. யார்க்ஷயரிலோ, 1132-ல் தொடங்கிய ஃபவுண்டன்ஸ் மடாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்தபடி ஓடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒருமுறை பெயரைப் பதிந்து, பார்கோடை எடுத்துப் போனால் போதும்.

ஓடி முடித்தவர் வீட்டுக்கு வந்து முடிவுப் பட்டியலைப் பார்க்கிறார். நகரப் பூங்காவில் 25 நிமிடத்தில் முடிப்பவருக்கு இங்கே 28. உடல் தளர்ந்துவிட்டதா, பயிற்சி போதவில்லையா என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் ஒழுங்காகவே போட்டுப் பார்க்கலாம்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு விதி வகுத்தார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம், 2000 அடி ஏற இன்னொரு மணி நேரம். இதை மீட்டருக்கு மாற்றினால், ஒரு மீட்டர் ஏற்றம் ஏறக்குறைய எட்டு மீட்டர் சமதளத்துக்குச் சமம். நடப்பவர்களுக்காகப் பிறந்த விதிதான் என்றாலும் மலை ஓட்டக்காரர்கள் இன்றும் இதை விடவில்லை. ஐந்து கிலோமீட்டர் பாதையில் மொத்தம் 100 மீட்டர் ஏற்றம் இருந்தால், அது 5.8 கிலோமீட்டர் ஓடியதற்கு ஈடு. 25 நிமிடக்காரருக்கு 29 நிமிடம் ஆகும்.

ஏறியவர் இறங்கத்தானே வேண்டும், இழந்த நேரம் அப்போது திரும்பி வராதா? இதற்கான பதில் 2002-ல் இத்தாலிய உடலியல் ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. மலை ஓட்டத்தில் தேர்ந்தவர்களை டிரெட்மில்லில் ஏற்றியும் இறக்கியும் ஓடவிட்டு, உடல் செலவிடும் ஆற்றலை அளந்தார்கள். அவர்களுடைய சமன்பாட்டின்படி, 10 சதவீத ஏற்றத்தில் ஒரு மீட்டருக்கான செலவு சமதளத்தைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. அதே அளவு இறக்கத்தில் மிச்சமாவது 40 சதவீதம்தான். போனது முழுதாகத் திரும்பி வருவதில்லை.

இருந்தாலும் நெய்ஸ்மித் சொன்ன அளவுக்கு இழப்பும் இல்லை. ஒரு கிலோமீட்டர் 10 சதவீத ஏற்றம், ஒரு கிலோமீட்டர் அதே இறக்கம், மீதி மூன்று சமதளம் என்று வைத்து இந்தச் சமன்பாட்டில் போட்டால், 25 நிமிடக்காரர் 26 நிமிடம் 15 நொடி வாக்கில் முடித்திருக்க வேண்டும். ஒரு கணக்கு 26 என்கிறது, இன்னொன்று 29 என்கிறது. எஸ்டேட் ஓட்டத்தின் முழு ஆட்டமும் நடுவில் நிற்கும் அந்த மூன்று நிமிடத்துக்குள்தான் நடக்கிறது.

டிரெட்மில்லில் சேறு கிடையாது. ஈரமான பீச் இலைகள், புல்லுக்கடியில் மறைந்த பள்ளம், மரவேர்கள், வளைவில் எதிர்ப்படும் செம்மறியாடு, ஒருவர் பின் ஒருவராக நுழைய வேண்டிய குறுகிய கேட், எதுவும் கிடையாது. இறக்கத்தில் ஆற்றல் மிச்சமாவது உண்மை. அதை வேகமாக மாற்றக் கால்களுக்குத் துணிச்சல் வேண்டும். பயந்தவர் உடலைப் பின்னால் சாய்த்து, குதிகாலால் பிரேக் போட்டபடி இறங்குவார். அந்த பிரேக்கைத் தாங்குவது தொடையின் முன்தசை. நீண்டுகொண்டே இறுகும் அந்த வேலைதான் ஞாயிற்றுக்கிழமை வலியாகத் தெரியும், திங்கட்கிழமை மாடிப்படியில் உறுதியாகும். பழகியவர் எட்டைக் குறுக்கி, பாதத்தை இடுப்புக்கு நேர் கீழே வைத்து, கண்ணை நாலைந்து அடி முன்னே ஓடவிட்டு இறங்குகிறார். நகரப் பூங்காவில் இருவரும் ஒரே நேரத்தில் முடித்திருக்கலாம். இங்கே அவர்களுக்கு நடுவே இருபது பேர் வந்துவிடுவார்கள்.

நிலத்தை அமைத்தவர்களும் ஓட்டக்காரருக்கு உதவுவதாக இல்லை. விம்போலில் நிலவடிவமைப்பாளர் கேபபிலிட்டி பிரவுன் வேலை செய்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் அவரும் அவர் வழிவந்தவர்களும் போட்ட வண்டிப்பாதைகள் வேண்டுமென்றே வளைந்து போகும். சாரட்டில் வரும் விருந்தாளிக்கு மாளிகை மெல்ல மெல்லத் தெரிய வேண்டும் என்பது திட்டம். சாரட்டில் வருபவருக்கு அது சுகம். மூச்சு வாங்க ஓடுபவருக்கோ மேடு எங்கே முடிகிறது என்றே தெரியாது. உச்சி வந்துவிட்டது என்று வேகம் பிடித்தால் மரக்கூட்டத்தைத் தாண்டி இன்னொரு ஏற்றம் நிற்கும். ஆகவே இத்தகைய பாதையில் கிலோமீட்டர் வேகத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து ஓடுவது வீண் வேலை. மூச்சின் அளவைப் பிடித்துக்கொண்டு, செங்குத்தான இடத்தில் கூச்சப்படாமல் நடப்பவர் கடைசி கிலோமீட்டரில் பலரைத் தாண்டுகிறார்.

பார்க்ரன் பட்டியலில் வயதுக்கேற்ற சதவீதம் ஒன்றும் வரும். ஓடியவரின் நேரத்தை அவர் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய உச்சத் தரத்தோடு ஒப்பிடும் எண் அது. 60 வயதுப் பெண்ணையும் 25 வயது இளைஞரையும் ஒரே தராசில் வைக்க நல்ல உத்தி. ஆனால் அந்தத் தராசுக்கு மேடும் சேறும் தெரியாது. லான்ஹைட்ராக்கில் எடுத்த சதவீதத்தை புஷி பார்க்கில் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோவதில் பொருளில்லை.

2024 தொடக்கத்தில் பார்க்ரன் அமைப்பு வேகச் சாதனைப் பட்டியல்களை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. பெரிய சத்தம் எழுந்தது. வேகத்தை அவமதிக்கிறார்கள் என்றார்கள் ஒருசாரார், புதிதாக வருபவரை அந்தப் பட்டியல் மிரட்டுகிறது என்றார்கள் மறுசாரார். புஷி பார்க் போன்ற இடங்களுக்கு அது இழப்பு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எஸ்டேட் பாதைகளுக்கு அதில் பெரிய இழப்பில்லை. காய்ந்த ஜூனில் எடுத்த நேரமும் பிப்ரவரிச் சேற்றில் எடுத்த நேரமும் ஒரே பட்டியலில் உட்காருவதே பொருத்தமற்றது.

முடிவுப் பட்டியலில் கடைசியாக வரும் பெயர் எப்போதும் ஒரு தன்னார்வலருடையது. பின்னால் யாரும் தனித்து விடப்படாமல் இருக்க, வரிசையின் வாலில் நடந்து வருவது அவர் பொறுப்பு. அவர் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் நேரம் குறிப்பவர்கள் கடிகாரத்தை நிறுத்துவார்கள், முடித்தவர்களுக்குத் தந்த டோக்கன்கள் எண்ணிச் சரிபார்க்கப்படும். முன்னால் வந்தவர்கள் அதற்குள் ஷூவில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டு, எஸ்டேட் டீக்கடை வரிசையில் நின்று, இறக்கத்தில் தங்களைத் தாண்டிப் போனது யார் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.