காதுக்கும் தேடத் தெரிய வேண்டும்: டிரேட்மார்க் தேடல் தளம் ஓர் அலசல்

‘ஸ்ரீ அம்பாள்’ என்பது சென்னையில் பேர் வாங்கிய மூக்குப்பொடி. பிற்பாடு ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயரில் இன்னொருவர் மூக்குப்பொடிக்கு டிரேட்மார்க் கேட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அம்பாள் சிவனின் துணைவி, ஆண்டாள் அரங்கனை வரித்தவள். பக்தருக்கு இருவரும் ஒன்றல்ல. ஆனால் 1969-ல் நீதிமன்றம் புராணத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பெயர்களின் ஓசையைக் கேட்டது. கடையில் ஒருவர் வாயால் சொல்லி வாங்கும்போது இவை ஒன்றோடொன்று குழம்பும் என்று முடிவாகி, ஆண்டாளுக்குப் பதிவு கிடைக்கவில்லை.

மத்திய அரசின் டிரேட்மார்க் பதிவகம் நடத்தும் ‘பப்ளிக் சர்ச்’ தளத்தை எடைபோட இந்த வழக்கே சரியான தராசு. ஊறுகாய், செக்கு எண்ணெய், நைட்டி, மசாலாப் பொடி என்று சிறுதொழில் தொடங்கும் எவரும் விண்ணப்பத்துக்கு முன் நுழைய வேண்டிய இடம் இது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் துணை கட்டாயமில்லை. நாடு முழுவதும் பதிவானவையும் பதிவுக்குக் காத்திருப்பவையும் இதில் கிடைக்கும். இவ்வளவு பெரிய பதிவேட்டைப் பொதுமக்கள் கையில் இலவசமாகக் கொடுத்திருப்பதே பெரிய காரியம்.

உள்ளே போனால் மூன்று வகைத் தேடல்: சொல், ஒலி, படம். எதைத் தேர்ந்தாலும் பொருளின் வகுப்பு எண்ணைக் கொடுத்தாக வேண்டும். மொத்தம் 45 வகுப்புகள். 34 வரை பொருள்கள், மற்றவை சேவைகள். சமையல் எண்ணெய், ஊறுகாய் 29-ல் வரும். காபி, அரிசி, மசாலா 30-ல். துணிமணி 25, உணவகம் 43. ஒரு தடவைக்கு ஒரு வகுப்புதான். இதுதான் தளத்தின் முதல் குறை. செக்கு எண்ணெய்க்காரர் 29-ஐ மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் போதாது. அதே பெயரில் தலைக்கு வைக்கும் எண்ணெய் 3-லும் எண்ணெய்க் கடை 35-லும் இருக்கலாம். தொழிலைச் சுற்றியுள்ள வகுப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சொல் தேடலில் மூன்று தெரிவுகள் உண்டு. ‘ஸ்டார்ட் வித்’ பெயரின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும். ‘மேட்ச் வித்’ அச்சு அசலாக அதே பெயரைத் தேடும். ‘கன்டெயின்ஸ்’ கொடுத்த எழுத்துகள் பெயருக்குள் எங்கிருந்தாலும் பிடிக்கும். பலரும் முழுப்பெயரை அடித்து, ஒன்றும் வரவில்லை என்றதும் நிம்மதியாகி விண்ணப்பிக்கப் போய்விடுகிறார்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இது ஆபத்தான நிம்மதி.

‘தாழை’ என்று ஓர் எண்ணெய்க்குப் பெயர் வைப்பதாகக் கொள்வோம். ஆங்கில எழுத்தில் ஒருவர் ‘டி’க்குப் பின் ‘எச்’ சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார். நெடிலுக்கு ஒருவர் இரண்டு ‘ஏ’ போடுவார், ஒருவர் ஒன்றோடு விடுவார். ழகரத்தை ‘இசட் எச்’ என்பவரும் உண்டு, வெறும் ‘எல்’ என்பவரும் உண்டு. முழுப்பெயரை அடித்தால் இத்தனை வடிவங்களில் ஒன்றுதான் அகப்படும். முதல் எழுத்துகளை விட்டுவிட்டு ‘-ஆழை’ என்ற பின்பாதியை மட்டும், ஒற்றை ‘ஏ’யில் தொடங்கி ‘கன்டெயின்ஸ்’ தெரிவில் கொடுத்தால் தாழையும் வாழையும் சேர்ந்து வரும். அடுத்து ‘எல்’ போட்டு ஒரு முறை. பட்டியல் நீளும்தான், அதைப் பொறுமையாகப் படிப்பதுதான் உண்மையான தேடல்.

இனி ஆண்டாள் சோதனை. சொல் தேடலில் ஆண்டாள் என்று முழுசாக அடித்தால் அம்பாள் வரவே வராது, எழுத்துகள் வேறு. ஒலித் தேடல் இந்த ஓட்டையை அடைக்கத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்க் காதுக்கு எது எதுபோலக் கேட்கும் என்பதைக் கணினியிடம் மட்டும் விட்டுவிட முடியாது. எதுகை வரும் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அவற்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஓர் எழுத்து கூடியதாலோ குறைந்ததாலோ பெயர் வேறாகிவிடாது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’க்கும் பெங்களூர் உணவகத்தின் ‘நந்தினி டீலக்ஸ்’ பெயருக்கும் ஆங்கிலத்தில் ஓர் ‘எச்’தான் வித்தியாசம். பொருளும் தோற்றமும் வேறு, பால் பொருள்களை மட்டும் உணவகம் விட்டுவிட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உணவகத்துக்குச் சாதகமாகவே சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பை வாங்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சிறு வியாபாரியால் அது ஆகுமா?

படத் தேடல் வியன்னா குறியீட்டில் ஓடுகிறது. யானைக்கு ஓர் எண், சிங்கத்துக்கு ஓர் எண் என்று 29 பிரிவுகள். லோகோவை ஏற்றி ஒப்பிடும் வசதி இல்லாததால் சாமானியருக்கு இது எட்டாத பகுதி. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ‘குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ்’ படத்தையே ஏற்றித் தேடவிடுகிறது. லோகோ முக்கியமென்றால் அங்கேயும் பார்த்துவிடுவது நல்லது.

முடிவுகளைப் படிப்பதிலும் கவனம் தேவை. ‘அப்ஜெக்டட்’ என்றிருந்தால் அந்தப் பெயர் செத்துவிட்டதாக அர்த்தமில்லை, பரிசோதகரின் ஆட்சேபத்துக்கு இன்னும் பதில் ஓடிக்கொண்டிருக்கலாம். ‘ரிமூவ்டு’ என்பதும் உடனே காலியான இடமல்ல. புதுப்பிக்காமல் நீக்கப்பட்ட பெயரும், இரண்டு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாதது போன்ற விதிவிலக்குகள் தவிர, மேலும் ஓராண்டுக்குப் பதிவில் இருப்பதாகவே சட்டத்தின் 26-வது பிரிவு கொள்கிறது.

பலர் தொடாத பொக்கிஷம் ஒன்று உண்டு. முடிவில் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிவகத்தின் விண்ணப்ப நிலை பக்கத்தில் கொடுத்தால் பரிசோதனை அறிக்கை திறக்கும். நம்முடையதைப் போன்ற பெயருக்கு முன்பு முயன்றவரை எந்தெந்தப் பெயர்களைக் காட்டித் தடுத்தார்கள் என்பது அதில் அப்படியே இருக்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் சட்ட ஆலோசனை என்றே இதைச் சொல்லலாம்.

இத்தனை செய்தாலும் தளம் காட்டாத ஒன்று இருக்கிறது: பதிவே செய்யாமல் பல காலமாகப் புழங்கும் பெயர். திருநெல்வேலி ‘இருட்டுக்கடை அல்வா’ வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், பதிவுச் சான்றிதழைவிட முதலில் பயன்படுத்தியவரின் உரிமை மேலானது என்று உறுதியாகச் சொன்னது. ஆகவே கடைவீதியையும் இணையக் கடைகளையும் நிறுவனப் பெயர்ப் பட்டியலையும் ஒரு சுற்று பார்க்காமல் தேடல் முடியாது.

மொத்தத்தில் தளம் நம்பகமானது, தவிர்க்கக் கூடாதது, ஆனால் தமிழ்ப் பெயர்களுக்குப் பாதிதான் உதவுகிறது. எல்லா வகுப்புகளையும் ஒரே தடவையில் தேடும் வசதியும், படத்தை ஏற்றித் தேடும் வசதியும், ழகர எழுத்து வேறுபாடுகளைச் சேர்த்துக் காட்டும் ஏற்பாடும் பதிவகம் செய்து தர வேண்டும். அதுவரை விண்ணப்பிப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். பெயர் மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.