ஏபி பிளஸ் சொல்லாமல் விட்டது

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களிடம் 'ஏபி பிளஸ்' என்ற பெயர் ரொம்பப் பிரபலம். அமெரிக்காவின் எக்கோடெக் மரைன் நிறுவனம் தனது ரேடியான் எல்இடி விளக்குகளுக்குத் தரும் ஒளி அமைப்பு இது. ஊதாவும் நீலமும் தூக்கலாக, வெள்ளை, பச்சை, சிவப்பு மூன்றும் அடக்கமாக இருக்கும். வேறு கம்பெனி விளக்கு வைத்திருப்பவர்கள்கூட "இதுல ஏபி பிளஸ் எப்படிப் போடுறது?" என்று கேட்கிறார்கள். அவ்வளவு தகுதி அதற்கு இருக்கிறதா?

நிறக் கலவையைப் பொறுத்தவரை, இருக்கிறது. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சோறு போடுகின்றன. அவற்றின் குளோரோபில் ஏ, குளோரோபில் சி2, பெரிடினின் ஆகிய நிறமிகள் ஊதா, நீல ஒளியை நன்றாக உறிஞ்சுபவை. தெளிந்த கடலில் சிவப்பு சில மீட்டர்களிலேயே மங்கிவிடும், நீலம்தான் ஆழம்வரை இறங்கும். ஆக, கலவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கேன்னா, அது கலவையை மட்டும்தான் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. செயலியில் தெரியும் '70 சதவீதம்' என்பது விளக்கின் திறனில் 70 சதவீதம், அவ்வளவுதான். விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, எத்தனை விளக்கு, தொட்டி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. பவளத்துக்கு எட்டும் ஒளியைப் 'பார்' அளவில், அதாவது ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று அளக்க வேண்டும். நேரமும் கணக்கில் சேரும். 200 பார் 10 மணி நேரம் எரிந்தாலும், 250 பார் 8 மணி நேரம் எரிந்தாலும் நாள் மொத்தம் 7.2 மோல்தான். ஒருவருடைய அட்டவணையை அப்படியே இறக்கிக்கொள்பவருக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. பழைய பார் மீட்டர்களில் பல நீல ஒளியைக் குறைத்துக் காட்டின என்பதால், முன்பு பகிரப்பட்ட எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல், பலர் நிறத்தை வைத்தே ஆரோக்கியத்தை முடிவு செய்வது. நீல ஒளியில் பவளத்தின் ஒளிர்புரதங்கள் பளபளக்கும், அந்த அமைப்பு பிடித்துப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆனா, பளபளப்பு நல்ல செய்தியாகத்தான் இருக்கணும்னு இல்லை. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. பாசியை இழக்கும் பவளத்தின் திசுவுக்குள் ஒளி அதிகமாகச் சிதறும், அந்த ஒளி நிறமிப் புரதங்களை மேலும் உற்பத்தி செய்யத் தூண்டும். வெளிறல் வண்ணமயமாகத் தெரிவது இப்படித்தான். அதே குழுவின் 2013 ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நைட்ரேட் ஏறி பாஸ்பேட் பற்றாக்குறையானால், பவளம் ஒளியையும் வெப்பத்தையும் தாங்கும் எல்லை குறைந்துவிடும். ஒரு தொட்டியில் பாதுகாப்பான அளவு, பக்கத்துத் தொட்டியில் ஆபத்தாகலாம்.

பழுப்பு நிறம் இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் அங்கே பாசி நிறைய இருக்கிறது என்றுதான் பொருள். அழகாக இல்லை என்று சொல்லி, ஒரே வாரத்தில் ஒளியை ஏற்றுவது, நன்றாக இருக்கும் பவளத்தைத் தண்டிப்பது மாதிரி. ஒளி மாற்றத்துக்குப் பாசிகள் பழக வாரக்கணக்கில் ஆகும்.

அதனால் ஏபி பிளஸ்ஸைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கலவைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு ஒரு பார் மீட்டரை வாடகைக்கோ நண்பரிடமிருந்தோ வாங்கி, பவளம் இருக்கும் இடத்திலேயே அளந்து பாருங்கள். குறைவில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை வெள்ளை ஒளியைப் போட்டு, பவளத்தின் உண்மை நிறத்தையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.