பேய்க்கு ஒரு வழக்கு வேண்டும்

எங்கள் மூலக்கொத்தளத்துக்காரர்களுக்குப் பேயைக் காட்டிப் பயமுறுத்த நினைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம். மயானத்துச் சுவரை ஒட்டித்தான் எங்கள் வாழ்க்கை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் நேற்றைய ஊர்வலத்தில் இறைத்த பூவை மிதித்துக்கொண்டுதான் போகின்றன. இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று 1939-ல் உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடங்கியிருப்பதும் இங்கேதான். இப்படிப்பட்ட அண்டை வீட்டாரோடு இருந்து பழகியவனுக்குப் பேயிடம் பயம் வராது. ஒரு கேள்விதான் வரும். பூசாரி வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்து முதலில் கேட்கும் அதே கேள்வி: “யார் நீ? உனக்கு என்ன வேணும்?”

ராகவா லாரன்ஸின் பேய்ப் படங்களை நான் இந்தக் கேள்வியோடுதான் பார்த்து வந்திருக்கிறேன். 2007-ல் ‘முனி’, 2011-ல் ‘காஞ்சனா’, 2015-லும் 2019-லும் அதன் இரண்டாம், மூன்றாம் பாகங்கள். ஒவ்வொரு முறையும், “பழைய கலகலப்பு இதில் இருக்கிறதா?” என்று நண்பர்கள் என்னை விசாரிப்பார்கள். இருக்கிறது ஐயா, இருக்கிறது! பொழுது சாய்ந்தால் நடுங்குகிற தடிப்பயல் இருக்கிறான். அவன் ஒண்ணுக்குப் போக வேண்டுமானால் துணைக்கு எழுந்து வருகிற தாயாரும் இருக்கிறாள். ‘காஞ்சனா’ முதற்கொண்டு அந்தத் தாயாராக வரும் கோவை சரளாவின் முகத்தில் பயம் ஒரு கண்ணிலும் அதட்டல் மறு கண்ணிலுமாக நிற்கும் அழகுக்கே டிக்கெட் காசு கொடுக்கலாம். “வந்த காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது” என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் தினம் ஒரு புது வேடிக்கையா செய்கிறான்? வர வேண்டிய இடத்தில் அவன் வந்துவிட்டான் என்பதே பாதிச் சிரிப்பு.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

‘முனி’யில் பேயாக வந்தவர் ராஜ்கிரண். குடிசை ஜனங்களுக்கு நல்லது நடக்கும் என்று ஓர் அரசியல்வாதியின் வாக்கை நம்பி, உயிரை இழந்து, பழியையும் சுமந்த முனியாண்டி. குடிசை, மனை, வாக்குறுதி என்ற மூன்று சொல்லும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் அகராதி பார்த்துத் தெரிய வேண்டியவை அல்ல. (எங்கள் மயானத்தின் ஒரு பகுதியிலேயே அடுக்கு வீடு கட்டும் திட்டத்துக்கு 2018-ல் எதிர்ப்புக் கிளம்பியது. உயிரோடிருப்பவர்களுக்கு வீடு வேண்டும். செத்தவர்களுக்கும் ஆறடி வேண்டும். நான் எந்தக் கட்சி பேசுவது?) படம் சுமாரானதுதான். ஆனால் பேயின் கையில் ஒரு வழக்கு இருந்தது.

‘காஞ்சனா’வில் அந்த வழக்கு இன்னும் கூர்மையாயிற்று. தன்னைப் போலவே வீட்டார் துரத்திய ஒரு பெண்ணை எடுத்து வளர்த்து டாக்டராக்குகிறாள் காஞ்சனா என்னும் திருநங்கை. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட அவள் வாங்கிய நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கொன்று புதைக்கிறார்கள். அந்த வேஷத்தைச் சரத்குமார் ஏற்றுக்கொண்டார். தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் 2008-லேயே வந்துவிட்டாலும், நம் சினிமாவில் அவர்கள் அதுவரை பெரும்பாலும் கைதட்டிக் கேலி செய்வதற்கான உருப்படிகள்தாம்.

இந்தப் படமும் முதலில் அதையே செய்கிறது. பேய் ஏறிய ராகவன் மஞ்சள் பூசி, வளையல் மாட்டி, புடவை சுற்றிக்கொண்டு நிற்கும்போது கொட்டகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு காஞ்சனாவே எதிரே வந்து தன் கதையைச் சொல்லத் தொடங்கினாள். எனக்குப் பின் வரிசையில் விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள் கப்சிப். சற்று முன் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அவரவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். டைரக்டர் இதைத் தெரிந்து செய்தாரா, தற்செயலாக அமைந்ததா என்று நான் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை. முதற்படத்தை அடுத்த படம் மிஞ்சிய அபூர்வம் நிகழ்ந்தது.

அதற்கு அடுத்த இரண்டு படங்களிலும் நடந்ததைக் கவனியுங்கள். முனியாண்டியும் காஞ்சனாவும் அயலார். பயந்தாங்கொள்ளி தன் உடம்பை அவர்களுக்கு இரவல் கொடுத்தான். இரண்டாம் பாகத்தில் பேயாக வரும் மொட்டை சிவாவும் லாரன்ஸேதான். மூன்றாவதில் வரும் காளியும் அவரேதான். வீட்டுக்காரரே குடித்தனக்காரராகவும் வந்து உட்கார்ந்துவிட்டால் வாடகைத் தகராறு எப்படி வரும்? இரண்டாம் பாகத்தில் கால் ஊனமுற்ற கங்கையாக நித்யா மேனன் வருகிற நேரம் மட்டும் பழைய ஈரம் கொஞ்சம் கசிகிறது. மூன்றாம் பாகத்திலோ மரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்கிப் பேயை அவிழ்த்துவிடுகிறார்கள். மூன்று முறைப்பெண்கள் ராகவனைச் சுற்றி வருகிறார்கள். காளி அநாதைக் குழந்தைகளை வளர்க்கும் உத்தமன். ஆனால் நியாயம் கேட்டு வந்தவனாக அவன் தெரியவில்லை. கதாநாயகனின் இன்னொரு சட்டையாகத்தான் தெரிகிறான். அவன் பூர்வ கதை ஓடும்போது பக்கத்து இருக்கைக்காரர் முறுக்கு வாங்க எழுந்து போனார். வசூலுக்கு ஒன்றும் குறைவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2023-ல் வந்த ‘சந்திரமுகி 2’ இன்னொரு விதம். 2005-ல் வந்த முதல் படத்தின் ருசியே அதில் பேய் இல்லை, நோயாளிதான் இருந்தாள் என்பது. இரண்டாவதில் பேயை மெய்யாகவே கொண்டுவந்து, முதற்படம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததைச் செலவழித்துவிட்டார்கள்.

ஊராருக்குத் தீர்ப்புச் சொல்கிற நான் மட்டும் யோக்கியனா? என் தொடர்கதை ஒன்றுக்கு வரவேற்பு இருந்ததென்று அதற்கு இரண்டாம் பாகம் எழுதினேன். கதாநாயகனை அத்தியாயந்தோறும் பேச விட்டேன். ஒரு வாசகி கார்டு போட்டிருந்தார்: “முதல் பாகத்தில் அந்த ஆப்பக்காரக் கிழவிக்காக அழுதோமே, அவள் எங்கே?” பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்கள் தெரு முனையில் நிஜமாகவே ஓர் ஆப்பக்கார ஆயா உண்டு. டெலிவிஷனில் நாலு படத்தையும் பார்த்தவள். மூன்றாம் பாகம் எப்படி ஆயா என்று ஒரு நாள் கேட்டேன்.

“நல்லாத்தான் சிரிச்சேன் நைனா. ஆனா அந்தக் காஞ்சனாப் பொண்ணு வந்த படத்துல அடுப்புல ஆப்பம் கருகிப் போச்சு” என்றாள்.