அபிராமத்துக் காவலும் யாழ்ப்பாணத்து விழிப்பும்

பார்த்திபனூரிலிருந்து கமுதிக்குச் செல்லும் சாலையில், கரிசல் நிலமும் கண்மாய்க் கரைகளும் சீமைக்கருவேலங் காடுகளுமாக விரியும் பிரதேசத்தின் நடுவே அமைந்த அபிராமம், சரித்திர நூல்களில் அதிகம் பேசப்படாத ஊர். ஆயினும் ஓர் ஊரைக் களவிலிருந்தும் கலகத்திலிருந்தும் காப்பது யாருடைய கடமை, அக்கடமையைச் செய்வோர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வினாவை ஆராயப் புகுவோர்க்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் வாய்ப்பது அரிது. 1934-ஆம் ஆண்டில் இங்கே கூடிய மறவர் மாநாடு, குற்றப் பரம்பரைச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டுமென்று கோரி, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், டாக்டர் வரதராஜுலு நாயுடு முதலியோர் அடங்கிய குழு ஒன்றை நியமித்தது. ஒரு குலத்தில் பிறந்ததையே குற்றமாகப் பாவித்து, ஆடவரின் கைரேகையைப் பதிவு செய்து, இரவு வேளைகளில் அவர்கள் அதிகாரிகள் முன் ஆஜராக வேண்டுமென்று நிர்ப்பந்தித்த அச்சட்டத்தை இப்பக்கத்து ஜனங்கள் 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். சென்னை மாகாணத்தில் அது நீங்கியது 1947-இல்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. ரேகை வைக்கும்படி ஏவப்பட்டவர்களுடைய முன்னோரில் கணிசமானோர், பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவலையே விருத்தியாகக் கொண்டவர்கள். தெற்குச் சீமைகளில் அக்காலத்தில் நிலவிய காவல் முறையில், ஊரார் விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்காரருக்கு அளந்தனர். காவற்காரரோ களவுபோன மாட்டையோ நெல்லையோ மீட்டுக் கொடுக்க வேண்டும், மீட்க இயலாவிடில் அதன் மதிப்பைத் தம் கைப்பொருளிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. இம்முறையைப் பொற்காலமாக வருணிக்க எனக்கு விருப்பமில்லை. காவற்கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு மிகுவதும், துப்புக்கூலி என்ற பெயரால் பறிகொடுத்தவனே பணம் கொடுத்துத் தன் மாட்டைத் திரும்பப் பெறுவதும் சகஜமாக நடந்தன. எனினும் களவினால் நஷ்டமடைவோரின் பட்டியலில் காவற்காரனும் ஒருவனாக இருந்தான் என்ற அம்சம், அதற்குப் பின் தோன்றிய எந்த ஏற்பாட்டிலும் இல்லை. 1859-ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம் தோற்றுவித்த சம்பளக் காவலர், திருட்டுப்போன ஆட்டுக்கு விலை கொடுக்க வேண்டியவர் அல்லர். மேலதிகாரிக்கு அறிக்கை கொடுக்க வேண்டியவர்.

பாக் நீரிணைக்கு அப்பாலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே அச்சில் வார்த்த ஸ்தாபனமே எழுந்தது. இலங்கையின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865-ஆம் ஆண்டுக்குரியது. இந்தியப் போலீஸும் இலங்கைப் பொலிஸும், குடிகளின் நேசத்தைவிட அவர்களுடைய அடக்கத்தையே பெரிதாக மதித்த ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்னும் படையை முன்மாதிரியாகக் கொண்டவை. ஆனால் இலங்கையில் அப்படை நெடுங்காலம் பட்டினங்களோடு நின்றுகொண்டது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சமாதானத்தைக் காத்தவர்கள் மணியகாரர், உடையார், விதானைமாரே. இத்தலைமைக்கார முறை 1963-இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். தமிழ்நாட்டிலோ கர்ணமும் மணியமும் 1980-இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இரண்டு மாற்றங்களும் ஒன்றுபோலத் தோன்றினும், இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைச் சட்டம் இன்றைக்கும், அதற்கென நியமனம் பெற்ற கிராம சேவகரை, இப்பொழுது கிராம உத்தியோகத்தர் எனப்படுபவரை, சமாதான அலுவலராகக் கணக்கிடுகிறது. ஒருவருக்கு நற்சான்றிதழ் வழங்குபவரும் அவரே, வாக்காளர் இடாப்புக்குப் பெயர் திரட்டுபவரும் அவரே. பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகளாகத் தீவு முழுவதும் வகுக்கப்பட்டிருப்பதால், அங்கே ஊர்க்காவல் பற்றிய எந்தத் திட்டமும் ஓர் எல்லைக்குள், ஒரு குழுவாக, ஒரு சிவில் உத்தியோகத்தரின் முன்னிலையில் அமைவதே இயல்பாயிற்று.

நம் பக்கத்தில் வந்த திட்டம் குழுவை நாடாமல் தனிமனிதரை நாடியது. 1993-இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற வெடிகுண்டினால் தாமும் காயமுற்றவர், 'போலீஸ் நண்பர்கள்' என்ற இயக்கத்தை இம்மாவட்டத்தில் தொடங்கினார். 1957-இல் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் இமானுவேல் சேகரன் கொலையுண்டதையும், அதைத் தொடர்ந்த முதுகுளத்தூர்க் கலவரத்தையும், கீழத்தூவலில் ஐவர் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானதையும் மறவாத ஜில்லாவில், காக்கிச் சட்டைக்கு நண்பர்களைத் தேடுவது அற்ப காரியமன்று. குற்ற வழக்கில் சம்பந்தப்படாதவர்களாகப் பார்த்துச் சேர்த்து, இரவு ரோந்து, திருவிழாக் கூட்டம், போக்குவரத்து, தகவல் தருதல் ஆகியவற்றில் அவர்களை ஈடுபடுத்துவது ஏற்பாடு. மறு ஆண்டே அது மாநிலமெங்கும் விரிந்தது; 2002-இல் பிரிட்டிஷ் அரசியின் பெயரால் வழங்கப்பெற்ற போலீஸ் பயிற்சிப் பரிசையும் பெற்றது.

இத்திட்டத்தின் குணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிலையத்தின் வாசற்படியை மிதிக்கவே அஞ்சிய குடியானவன், தன் தெருப் பையன் ஒருவன் அங்கே தைரியமாகப் போய் வருவதைக் கண்டால் அவன் அச்சம் பாதி தெளியும். ஆனால் அந்தப் பையனைத் தெரிந்தெடுத்தது நிலையம். அவனுக்கு வேலை ஏவுவதும், வேண்டாமென்று விலக்குவதும் நிலையம். ஊரார் அவனைப் பற்றி முறையிட வேண்டுமானால் அதற்கும் அதே நிலையத்துக்குத்தான் போக வேண்டும். நண்பன் என்ற சொல்லுக்கு யாருடைய நண்பன் என்ற கேள்வி பின்தொடர்வது தவிர்க்க முடியாதது. 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைப்பட்டு மாண்ட கொடுமையில், தொண்டர்கள் சிலரும் உடனிருந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தபொழுது, அவர்கள் தம் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று ஸ்தாபகர் மறுத்தார். அம்மறுப்பு நியாயமாகவே இருக்கலாம். ஆனால் யார் அங்கத்தினர், யார் நிலையத்தில் வெறுமனே சுற்றித் திரிந்தவர் என்பதை ஊரார் அறிவதற்கு வழி இல்லாதிருந்ததே அசல் வியாதி. ஜூலை மாதத்தில் அரசாங்கம் இயக்கத்துக்குத் தடை விதித்தது. இராமநாதபுரத்தில் பிறந்த முயற்சி இருபத்தேழு ஆண்டுகளில் இவ்விதம் நின்றது.

இலங்கைத் தமிழரின் அநுபவம் வேறு வரிசையில் அமைந்தது. 1980-களில் வடக்கிலும் கிழக்கிலும் தோன்றிய பிரஜைகள் குழுக்களை எந்த அதிகாரியும் நியமிக்கவில்லை. ஆசிரியரும் பாதிரியாரும் வணிகரும் ஒன்றுகூடி, இராணுவம் பிடித்துச் சென்ற பிள்ளைகளைத் தேடி முகாம் வாசலில் நின்று விசாரித்ததே அவற்றின் தலையாய பணி. களவைத் தடுப்பதற்கன்று, காவலிலிருந்து காப்பதற்கே ஊரார் குழு அமைத்தனர். அதே காலத்தில் எல்லைக் கிராமங்களில் அரசாங்கம் ஆயுதம் கொடுத்த ஊர்காவல் படையினர் 2006-இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக உருமாறினர். நம் நாட்டில் ஊர்க்காவல் படையினர் என்றால் தேர்த் திருவிழாவில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்குவோர் நினைவுக்கு வருவர். மட்டக்களப்புத் தமிழருக்கு அந்நாமம் அவ்வளவு சாதுவானதன்று.

2009-இல் யுத்தம் முடிந்தபின், பொலிஸ் நிலையங்களைச் சார்ந்து சிவில் பாதுகாப்புக் குழுக்கள் அமைந்தன. கிராம உத்தியோகத்தர், கோவில் தர்மகர்த்தா, பாடசாலை அதிபர், சனசமூக நிலையத் தலைவர், மாதர் சங்கத்தார் முதலியோர் கூடிக் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம், மணல் கடத்தல், வாள்வெட்டு, மாட்டுக் களவு ஆகியவற்றைப் பற்றிப் பேசும் சபைகள் இவை. அமைப்பு முறையில் இது நம்முடையதைவிட மேலானது என்பதே என் அபிப்பிராயம். அங்கத்தினர் யாவர் என்பதை ஊர் அறியும், அவர்களும் வேறு ஒரு பதவியினால் ஊருக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் குழுவின் எதிரே அமர்ந்திருக்கும் பொலிஸ் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாதபொழுது, தமிழில் சொல்லிய முறைப்பாடு சிங்களத்தில் பதிவாகி, முறையிட்டவர் தாம் வாசிக்க முடியாத காகிதத்தில் கையொப்பமிடும்பொழுது, நல்ல அமைப்பும் பாதிப் பிரயோஜனமே தரும். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011-ஆம் ஆண்டு அறிக்கையில் தமிழ் பேசும் பொலிஸாரின் அவசியத்தை வற்புறுத்தியதும் இதனாலேயே.

அதே 2011 ஆகஸ்டில் நிகழ்ந்த கிறீஸ் பூதச் சம்பவங்கள், காவலர்மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கையின்மையின் ஆழத்தைக் காட்டின. உடலில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சு தீவெங்கும் பரவ, ஊர்தோறும் இளைஞர் தடியுடன் விழித்திருந்தனர். புத்தளத்தில் ஜனக் கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சந்தேகத்துக்குரியவர்களைத் துரத்திச் சென்ற மக்கள், அவர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடி மறைந்தனர் என்று ஆர்ப்பரித்தனர். அன்றிரவே அவ்வூர் ஆடவர் ஏறத்தாழ நூறு பேர் வீடுகளிலிருந்து இழுக்கப்பட்டு, அடியுண்டு, கைதாயினர். விழித்திருந்த ஊரே குற்றவாளிக் கூண்டில் நின்றது. அபிராமத்தில் 1934-இல் கூடியவர்களுக்கு இந்நிலை புதிதாகத் தோன்றியிராது.

நாம் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுத் தேசபக்தி கொள்ள இடமில்லை. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் வந்துவிட்டனர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, கோயிலுக்கு வந்த முதியவள் ஒருத்தியை ஊரார் அடித்தே கொன்றனர். அங்கே இராணுவம் இல்லை, மொழித் தடை இல்லை. போலீஸ் நண்பர்கள் இயக்கமும் அப்பொழுது அமலில் இருந்தது. நாவாந்துறையாரின் அச்சத்துக்குப் பின்னால் முப்பது வருஷ அநுபவம் நின்றது. போளூர்க் கொலைக்கு அத்தகைய சமாதானமும் கிடையாது. அந்நியர் ஒருவரைக் கண்டால் முதலில் யாரிடம் சொல்வது என்று ஊருக்குப் பழக்கமில்லாததே அங்கே பிரதான காரணமென்று எனக்குப் படுகிறது.

இலங்கையில் நாம் பார்த்துக் கற்கத் தக்கது பொலிஸ் சார்ந்த குழுவை விட, 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட மத்தியஸ்த சபை என்றே சொல்வேன். வேலித் தகராறு, சில்லறைக் கடன், சிறு அடிதடி போன்றவை பெருங்குற்றமாக முற்றும் முன் அவற்றைச் சமரசமாகத் தீர்க்கும் இச்சபையின் உறுப்பினரைத் தெரிந்தெடுப்பது பொலிஸ் அன்று, தனி ஆணைக்குழு. நம் கிராமங்களில் அந்த இடத்தைச் சட்டத்துக்குப் புறம்பான கட்டப்பஞ்சாயத்து பிடித்துக்கொண்டிருக்கிறது. சில சமயம் அது நிலையத்தின் வராந்தாவிலேயே நடப்பதையும் உலகம் அறியும்.

இன்று அபிராமத்தைச் சுற்றிய புன்செய்களில் முண்டு மிளகாய் பழுத்துக் களத்தில் காயும் மாதங்களில், உடையவரே இரவில் காவல் படுக்கிறார்கள். முத்துராமலிங்கத் தேவரின் நினைவு நாளான அக்டோபர் 30 நெருங்கினால் பசும்பொன்னுக்குச் செல்லும் சாலைகளெல்லாம் வெளி மாவட்டப் போலீஸாரால் நிறைகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு ஊரும் நிலையமும் சேர்ந்து இயங்கும் ஏற்பாடு ஒன்று மறுபடியும் தோன்றுமாயின், அதன் அங்கத்தினர் பட்டியல் பேரூராட்சி அலுவலகத்திலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் பகிரங்கமாக ஒட்டப்படட்டும். எல்லாத் தெருவாரும் அதில் இடம்பெறட்டும். ஆட்சேபம் கேட்கும் அதிகாரம் நிலையத்துக்கு வெளியே ஒருவரிடம், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ, இருக்கட்டும். இரவில் நிலையத்துக்குள் தொண்டர் எவரும் தங்கலாகாது என்பதையும் அவ்விதிகளில் முதலாவதாக எழுதிவிடலாம்.